ஒன்பது வட்டங்கள்: வாசிக்கப்படாத ஏடொன்றின் படமும் அதன் வியாக்கியானக்காரரும்

அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னக்கி நூலகத்தில் 408 என்னும் எண்ணிட்டுக் காக்கப்பட்டுவரும் தோல் ஏடு ஒன்று உண்டு. இன்றைய லித்துவேனியா நாட்டில் பிறந்த வில்ஃப்ரிட் வொய்னிச் என்ற பழம்புத்தக வணிகர், 1912ஆம் ஆண்டு ரோமை நகருக்கு அண்மையிலுள்ள மொண்டிராகோனே மாளிகையில் இயேசு சபையாரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கினார். அதனால் அது வொய்னிச் ஏடு என்று வழங்கப்படுகிறது. அதன் எழுத்து வேறெந்த நூலிலும் காணப்படாதது. அதன் மொழி யாதென இன்றளவும் நிறுவப்படவில்லை. இக்கட்டுரை அவ்வேடு முழுவதையும் பற்றியதன்று. அதில் மடித்து வைக்கப்பட்டுள்ள ஒரே ஒரு படத்தையும், அப்படத்திற்குப் பொருள் கூற முற்பட்டோர் கையாண்ட முறையையும் மட்டுமே ஈண்டு ஆராய விழைகிறேன். இறையியல் ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று வினவும் வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஏடு சிறியது, ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் உயரமும் 16 சென்டிமீட்டர் அகலமும் உடையது. செடிகளும், விண்மீன் வட்டங்களும், பசுநீரில் நீராடும் பெண்களும், மருந்துச் சாடிகளும் பக்கந்தோறும் தீட்டப்பட்டுள்ளன. நாம் கருதும் படமோ ஆறு பக்கங்களின் அளவுக்கு விரியும் ஒரே தோலில் அமைந்தது. வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைகளில் ஒன்பது பெருவட்டங்கள். நடுவட்டமே யாவற்றினும் பெரியது. அதனுள் விண்மீன்கள் சிதறிய பரப்பும், தூண்கள் என்றோ சாடிகள் என்றோ துணிந்து கூறவியலாத ஆறு உருவங்களும் உள. வட்டங்களுக்கிடையே பாதைகள் போன்ற இணைப்புகள் ஓடுகின்றன. ஒரு மூலை வட்டத்தில் மதிலும் கோபுரமும் உடைய கோட்டையொன்று காணப்படுகிறது. படத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டில் கதிரவன் முகங்கள். வட்டங்களின் விளிம்பிலும் இணைப்புகளின் அருகிலும் அந்த அறியா எழுத்தில் சிறு சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் காண்பது இவ்வளவே.

நூலகத்தார் ஏட்டின் படிமங்களை யாவரும் பார்க்குமாறு இணையத்தில் வைத்துள்ளனர். நான் அப்படத்தை மதுரையில் வண்ணப்படியாக எடுத்து, தாள்களை ஒட்டி, அருப்புக்கோட்டைப் பகுதியிலுள்ள எங்கள் ஆலயத்தின் வெஸ்திரி மேசைமேல் விரித்து வைத்தேன். அவ்வாரம் உள்ளே வந்தோர் ஒவ்வொருவரும் அதனைப் பார்த்தனர். தறி நெய்யும் சகோதரர் ஒருவர், பழைய சேலை முந்தானையின் மாதிரிப்படம் என்றார். அவர் மனைவியார் கோலம் என்றார். மெய்யாகச் சொல்வதானால், நான் முதன்முதல் பார்த்தபோது என் உள்ளத்தில் எழுந்த சொல் ‘நவக்கிரகம்’ என்பதே. போதகன் வாயில் அச்சொல் வரலாமா என்பது வேறு. இம்மண்ணில் பிறந்தவன் கண்ணுக்கு மூன்று வரிசையில் ஒன்பது நின்றால் வேறென்ன தோன்றும்? திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயா, இது கம்மாதானே? ஒரு கம்மா நெறஞ்சு அடுத்த கம்மாவுக்கு மறுகால் போற மாதிரி இருக்கு” என்றார். அவர் இளமை முதல் ஊர்க்கண்மாயின் மடையைத் திறந்து அடைத்தவர். வறண்ட கரிசல் நாட்டில் வட்டத்தையும் அதை இணைக்கும் கோட்டையும் கண்டால் நீர்தான் நினைவுக்கு வரும்.

இவற்றைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயின் கற்றறிந்தோர் செய்ததும் இதனின் வேறன்று என்பதே நான் கூற வந்தது.

1921ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் வில்லியம் நியூபோல்டு, இவ்வேட்டை 13ஆம் நூற்றாண்டின் பிரான்சிஸ்கத் துறவி ரோஜர் பேக்கன் எழுதியதாக அறிவித்தார். ஏட்டில் சுருள் வடிவப் படமொன்று உண்டு. அதனை அவர் ஆந்திரோமேதா என்னும் விண்மீன் கூட்டத்தின் தோற்றம் என்றார். அங்ஙனமாயின் பேக்கனிடம் தொலைநோக்கி இருந்திருக்க வேண்டும். ஆகவே இருந்தது என்றார். எழுத்துகளின் ஓரங்களில் நுண்ணோக்கியால் மட்டுமே தெரியும் சிறு கீற்றுகள் இருப்பதாகவும் அவையே மறைமொழி என்றும் கூறிப் பக்கம் பக்கமாக ‘வாசித்தார்’. அவர் மறைந்தபின், 1931இல் ஜான் மேன்லி என்னும் அறிஞர் அக்கீற்றுகளை ஆராய்ந்து, அவை கரடான தோலின்மேல் மை காய்ந்து வெடித்த விரிசல்களே என்று காட்டினார். நியூபோல்டு ஏமாற்றுக்காரர் அல்லர். நேர்மையாளர் என்றே அவரை அறிந்தோர் கூறினர். அதுவே நம்மை அச்சுறுத்த வேண்டும். நேர்மையான ஒருவர் மை விரிசலில் முழு வாக்கியங்களை வாசிக்க முடிந்தது. பின்னர் 2009இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் கதிரியக்கக் கரிமச் சோதனை நடத்தி, தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று கண்டனர். பேக்கன் இறந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் உரித்த தோலில் பேக்கன் எழுதியிருக்க இயலாது.

ஒன்பது வட்டப் படத்திற்கு வருவோம். 2006இல் வெளிவந்த நூலொன்று, ஏட்டினை மிலான் நகரில் பணியாற்றிய ஆவெர்லினோ என்னும் கட்டடக் கலைஞருக்கு உரிமையாக்கியது. கட்டடக் கலைஞர் கிடைத்துவிட்டால் வட்டங்கள் இத்தாலிய நகரங்களாகிவிடுகின்றன. 2019இல் ஜெரார்ட் செஷயர் என்பார் ஏட்டின் மொழி உரோமானிய மொழிகளின் முன்னோடி என்றும், இப்படம் வுல்கானோத் தீவில் 1444இல் எரிமலை வெடித்தபோது அரகோன் அரசி மரியா அனுப்பிய மீட்புப் பயணத்தின் வரைபடம் என்றும் எழுதினார். அவர் சார்ந்த பிரிஸ்டல் பல்கலைக்கழகம் முதலில் பெருமையோடு அறிவித்துவிட்டு, மொழியறிஞரும் இடைக்கால ஏட்டியல் அறிஞரும் மறுத்தவுடன் சில நாட்களுக்குள் அவ்வறிவிப்பை மீட்டுக்கொண்டது. செஷயரின் கட்டுரையைப் படிக்கும்போது, படம் சான்றாக நிற்கவில்லை. கதைக்குத் துணையாக இழுத்து வரப்படுகிறது என்பது தெளிவாகிறது. கதை முதலில் பிறந்தது. தீவுகள் பின்னர் வட்டங்களாயின.

2024இல் கீகன் புரூவர், மிஷெல் லூயிஸ் ஆகிய இருவர் மருத்துவச் சமூக வரலாற்று ஆய்விதழில் எழுதிய கட்டுரை தரத்தில் இவற்றினும் மேம்பட்டது. அவர்கள் 15ஆம் நூற்றாண்டுப் பவேரிய மருத்துவர் யோகான்னஸ் ஹார்ட்லீபின் எழுத்துகளிலிருந்து தொடங்குகின்றனர். பெண்களின் உடல் குறித்த மருத்துவச் செய்திகளை மறையெழுத்தில் எழுத வேண்டும் என்ற எண்ணம் அக்கால மருத்துவரிடையே இருந்தது என்பதை அவர்கள் நன்கு நிறுவுகின்றனர். ஏடு பிறந்த காலத்தையும் அக்காலத்தவர் வழக்கத்தையும் முதலில் நாடியது போற்றத்தக்கது. ஆயினும் அதன்பின் அவர்கள் தாவிய தாவல் என்னை நிறைவுறச் செய்யவில்லை. அக்கால நம்பிக்கைப்படி கருப்பைக்கு ஏழு அறைகள், அதற்குச் செல்லும் வழிக்கு இரண்டு வாயில்கள். ஏழும் இரண்டும் ஒன்பது. ஆதலால் ஒன்பது வட்டங்களும் கருத்தரித்தலைக் குறிக்கும் என்பது அவர்கள் முடிவு.

எண்ணிக்கை பொருந்துவது வாசிப்பு ஆகாது. ஒன்பது என்ற எண்ணுக்கு உலகில் பஞ்சமில்லை. தியோனிசியுவின் பெயரால் வழங்கும் பழைய நூல் வானதூதரை ஒன்பது வரிசைகளாகப் பகுக்கிறது. பவுலடிகள் கலாத்தியருக்கு எழுதியதில் ஆவியின் கனி ஒன்பது. கொரிந்தியருக்கு எழுதியதில் ஆவியின் வரங்கள் ஒன்பது. நம் மாணவர் எவரேனும் இப்படத்தை வைத்து ஒரு ஞாயிறு பிரசங்கத்தை அரைமணி நேரத்தில் ஆயத்தம் செய்துவிடுவர். சபையும் மகிழ்ந்து கேட்கும். இவ்வியாக்கியானக்காரர் அனைவரிடமும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: வட்டங்களின் ஓரத்தில் எழுதப்பட்டுள்ள சிறு சொற்களில் எந்த ஒன்றை நீங்கள் வாசித்தீர்கள்? வாசித்த முறையை வேறொரு பக்கத்தில் வைத்துப் பிறர் வாசிக்க முடிந்ததா? இதற்கு விடை இல்லாதவரை, படத்திற்குக் கூறும் பொருள் படத்தினுடையது அன்று, கூறுபவருடையது.

இவ்வினா வெறும் அறிஞர் வழக்கு அன்று என்பதை எங்கள் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றால் விளக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழி வட்டாரத்து மானாவாரி உழவர் ஒருவர், பாட்டனார் பெட்டியில் கிடந்த பனையோலை நறுக்கு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அதில் மூன்று வரிசையாக ஒன்பது கட்டங்கள் கீறப்பட்டு, கட்டத்திற்கு ஒன்றாக ஒன்பது குறிகள் இருந்தன. அதற்கு முன்பே வெளியூர் மனிதர் ஒருவர் அதைப் ‘படித்து’ விட்டிருந்தார். நடுவரிசையில் ‘எ’ என்றும் ‘ரு’ என்றும் எழுதியிருக்கிறது, சேர்த்தால் ‘எரு’, ஆகவே எருக்குழிக்கு அடியில் புதையல் உண்டு என்பது அவர் வியாக்கியானம். உழவர் எருக்குழியைத் தோண்டினார். அங்கு ஒன்றும் இல்லாமற்போகவே, அது பாட்டன் காலத்து எருக்குழியைக் குறிக்கும் என்று இடம் மாற்றிச் சொல்லப்பட்டது. அதையும் தோண்டினார். பூசைச் செலவுக்கென உழவு மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டார். மூன்றாம் இடத்தைக் காட்டும் முன்னர் அம்மனிதர் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் பயின்றவர். பழைய கணக்குச் சுவடி எழுதும் முறையை எனக்குச் சிறுவயதில் காட்டியிருந்தார். ஓலையைக் கண்டதும் அவை எழுத்துகள் அல்ல, தமிழ் எண்கள் என்பது விளங்கிற்று. முதல் வரிசை ௨, ௯, ௪. இரண்டாம் வரிசை ௭, ௫, ௩. மூன்றாம் வரிசை ௬, ௧, ௮. நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் எப்படிக் கூட்டினாலும் 15 வரும். நாட்டுப்புறத்தில் மந்திரச் சக்கரமாகவும் பிள்ளைகளின் கணக்கு விளையாட்டாகவும் வழங்கிய கட்டம் அது. ஏழைக் குறிக்கும் எண் ‘எ’ போலவும் ஐந்தைக் குறிக்கும் எண் ‘ரு’ போலவும் இருப்பதால் வந்தது அந்த எரு. ஒன்பது குறிகளில் இரண்டை மட்டும் வாசித்து ஏழை விட்டுவிட்ட வாசிப்பு அது என்பதை நோக்குக. நான் காட்டிய வாசிப்பில் ஒன்பதும் ஒருங்கே தம் இடத்தில் நின்றன. என் சொல்லை நம்ப வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தால் போதும். அவரும் கூட்டிப் பார்த்தார். நான்கைந்து முறை பார்த்தபின், “அப்ப இதுல ஒண்ணுமே இல்லையாய்யா?” என்றார். அவர் முகத்தில் ஆறுதல் இல்லை. பொய்யான வாசிப்பு அவருக்குப் புதையலைத் தந்திருந்தது. மெய்யான வாசிப்பு பதினைந்தைத் தந்தது.

இதற்கு எதிர்ப்புறமாக ஒன்றைக் கற்பனை செய்க. நம் இராசிக் கட்டத்தை, தமிழும் சோதிடமும் அறியாத அயல்நாட்டார் ஒருவர் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வெற்றிடம்; சுற்றிப் பன்னிரண்டு அறைகள்; சில அறைகளில் சுருக்கமான எழுத்துகள். நடுமுற்றமுள்ள வீட்டின் வரைபடம் என்றும், எழுத்துகள் அறைகளில் வசித்தோர் பெயர்கள் என்றும் அவர் முடிவு செய்வார். அதில் அறிவுக்கு ஒவ்வாதது எதுவும் இராது. ஆயினும் முழுவதும் பிழை. ஒரு வரைபடம் தனியே நின்று பேசுவதில்லை. அதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எந்த வெற்றிடம் வெறும் வெற்றிடம், எது குறி என்பதெல்லாம் அதைப் பயன்படுத்திய மக்களின் வழக்கத்தில் இருக்கின்றன. வழக்கம் அறுந்துவிட்டால் கோடுகள் மட்டும் எஞ்சும்.

வொய்னிச் ஏட்டின் படத்திலேயே இதற்குச் சான்று உண்டு. படத்தின் ஒரு மூலையில் விரற்கடை அளவில் சிறு வட்டமொன்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதனைக் கண்ட அறிஞர் எவரும் அதிகம் பிணங்கவில்லை. இடைக்காலத்தார் உலகை வரைந்த முறை அது என்கின்றனர். மேற்பாதி ஆசியா, கீழ்ப்பாதியின் இரு கூறுகள் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும். நோவாவின் மூன்று குமாரருக்கும் அவற்றைப் பங்கிட்டு எழுதுவதும் உண்டு. இவ்வளவு சிறிய குறியை நாம் அடையாளம் காண முடிவதும், அதனருகே இவ்வளவு பெரிய வட்டங்கள் ஊமையாய் நிற்பதும் ஏன்? முதலாவதற்கு, பெயர் எழுதப்பட்ட வேறு பல ஏடுகள் நம் கையில் உள்ளன. ஏனையவற்றுக்கு இல்லை. கோட்டை மதிலின் பற்கள் தகைவிலான் குருவியின் வால்போல் பிளந்திருப்பதும் அத்தகையதே. வெரோனா நகரின் பழைய கோட்டை முதலிய வடஇத்தாலியக் கட்டடங்களில் அவ்வமைப்பு உண்டு. வரைந்தவர் அத்தகைய மதிலையோ அதன் ஓவியத்தையோ பார்த்திருக்கிறார் என்று கூறலாம். அதற்குமேல் ஓரடி வைத்து, ஆகவே இது இன்ன ஊர்க் கோட்டை என்று கூறினால் எருக்குழியைத் தோண்டத் தொடங்குகிறோம்.

வரலாற்றில் இதற்கொரு முன்னோடி உண்டு. 1665ஆம் ஆண்டு நாளிட்ட கடிதத்தோடு பிராகா நகரின் மார்சி என்னும் மருத்துவர் இந்த ஏட்டை ரோமையில் வாழ்ந்த இயேசு சபை அறிஞர் அதனாசியஸ் கிர்ச்சருக்கு அனுப்பினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளையே வாசித்தவர் இதையும் வாசிப்பார் என்பது அவர் நம்பிக்கை. கிர்ச்சர் 1652 முதல் 1654 வரை வெளியிட்ட பெருநூலில் அந்தப் பறவைகளையும் பாம்புகளையும் மறைஞான அடையாளங்களாகக் கொண்டு நீண்ட தத்துவ வாக்கியங்களைப் பொழிந்திருந்தார். அவற்றில் ஏறக்குறைய யாவும் பிழை என்பது 1822இல் சாம்போலியோன் உண்மையான வாசிப்பைக் கண்டபோது வெளியாயிற்று. பறவை பறவையன்று, பெரும்பாலும் அது ஓர் ஒலி. எனினும் கிர்ச்சரை முற்றிலும் தள்ளிவிடுதல் நன்றன்று. காப்டிக் மொழி பண்டை எகிப்திய மொழியின் வழிவந்தது என்று அவர் கண்டது சரியே. சாம்போலியோனுக்கு அம்மொழியறிவே பெருந்துணையாயிற்று. படத்தை நோக்கிய கிர்ச்சர் வீழ்ந்தார். இலக்கணம் பயின்ற கிர்ச்சர் நின்றார்.

நம் நாட்டில் இதற்கு இணையானது சிந்துவெளி முத்திரை. மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரையில் கொம்புத் தலையணியோடு அமர்ந்த உருவமும், அதனைச் சூழ யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியனவும், மேலே வாசிக்கப்படாத எழுத்தும் உள்ளன. ஜான் மார்ஷல் 1931இல் அதனைச் சிவபெருமானின் முன்வடிவம் என்றார். அன்றுமுதல் பள்ளிப் பாடநூல்கள் வரை அப்பெயரே நிலைத்துவிட்டது. மூன்று முகங்கள் என்று மார்ஷல் கண்டதை, மாட்டு முகத்தின் காதுகளும் கன்னங்களுமாக டோரிஸ் சீனிவாசன் 1970களில் விளக்கினார். பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியின் ஹெராஸ் அடிகளார், 1953இல் வெளியான தம் பெருநூலில், முத்திரை எழுத்துகளைத் திராவிட மொழியாகக் கொண்டு வாக்கியங்களாகவே வாசித்தளித்தார். மொழி திராவிடம் என்ற அவர் கருத்தை இன்றும் பலர் ஏற்பர்; அவருடைய வாக்கியங்களை ஏற்பார் அரியர். தமிழர் என்ற முறையில் எனக்கும் அவ்வெழுத்து தமிழின் மூதாதையாக இருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு. அந்த ஆசை இருப்பதனாலேயே நான் அதில் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவன் என்றும் எண்ணுகிறேன். 2025 சனவரியில் தமிழ்நாட்டு அரசு, அவ்வெழுத்தை ஐயமற வாசிப்போருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசின் கவர்ச்சி வாசிப்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கும். உறுதியைப் பெருக்குமா என்பது ஐயமே. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுதி எதையும் வாசிக்கவில்லை. எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று அடுக்கித் தந்தது. வாசித்த நூல்கள் பல மறக்கப்பட, வாசிக்காத அந்நூலை ஆய்வாளர் இன்றும் கையில் வைத்துள்ளனர்.

உறுதியான வாசிப்பு எங்ஙனம் வரும் என்பதற்கு மதுரைக்கு வடகிழக்கேயுள்ள மாங்குளம் குகைகளை நோக்கலாம். அங்குள்ள எழுத்துகளை இராபர்ட் சூவல் 1882இல் கண்டறிந்தார். வடிவம் பிராமி, ஆயின் வடநாட்டுப் பிராகிருதமாகப் படித்தால் பொருள் சரிவரவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கான தனி எழுத்துகள் அங்கு இருப்பதையும், வடமொழிக்குரிய சில ஒலிகள் இல்லாமையையும் கவனித்து, மொழி தமிழ் என்று நிறுவினார். பின்னர் 1960களில் மகாதேவன் அங்கே நெடுஞ்செழியன் என்னும் பெயரை வாசித்தார். கண்டெடுத்ததற்கும் பெயரை வாசித்ததற்கும் இடையே எண்பது ஆண்டுகள். இடையில் ஒருவரும் கனவு காணவில்லை என்பதன்று. எழுத்தெழுத்தாகச் சென்ற வாசிப்பே பிறர் கையிலும் நின்றது.

வொய்னிச் ஏட்டிலும் இத்தகைய பணி நடவாமல் இல்லை. 1976இல் பிரெஸ்காட் கர்ரியர், ஏட்டில் சொற்கள் அமையும் பாங்கு இருவகையாக வேறுபடுவதையும், கையெழுத்தும் ஒன்றுக்கு மேற்பட்டது என்பதையும் காட்டினார். 2020இல் லீசா ஃபேகின் டேவிஸ் எழுத்தின் வளைவுகளை ஒப்பிட்டு ஐந்து எழுத்தர் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். இச்செய்தி செய்தித்தாள்களில் பெரிதாக வரவில்லை. எரிமலையும் அரசியும் இல்லாத செய்தி அது. ஆயினும் அதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஐவர் எழுதினர் என்றால், ஐவருக்கேனும் இவ்வெழுத்து பழகியிருந்தது. ஒரு பித்தன் அறையைச் சாத்திக்கொண்டு எழுதிய கிறுக்கல் என்ற கருத்து தளர்கிறது. எங்கோ ஒரு சிறு கூட்டத்தார் ஒருவருக்கொருவர் கற்பித்திருக்கின்றனர். ஒரு சொல்லும் வாசியாமலே ஒரு சமூகத்தின் நிழல் தெரிகிறது. இதனையே நான் மெய்யான திறனாய்வு என்பேன்.

இவ்வளவும் எழுதியபின் என் கணக்கையும் ஒப்புவிக்காவிடில் நேர்மையாகாது. 1999இல், நான் திருப்பணியில் புதியவனாக இருந்தபோது, ஒரு கூட்டத்தில் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் மூன்று இரவுகள் விளக்கினேன். பலகை எழுதும் ஓவியர் ஒருவரைக் கொண்டு பன்னிரண்டு முழத் துணியில் படம் வரைவித்திருந்தேன். அமெரிக்கப் பாப்டிஸ்டுப் போதகர் கிளாரன்ஸ் லார்கின் 1918இல் வெளியிட்ட விளக்கப் படங்களின் வழித்தோன்றல் அது. லார்கின் போதகராகுமுன் இயந்திர வரைபடம் வரைந்தவர்; காலங்களை வட்டங்களாகவும் அவற்றை இணைக்கும் பாதைகளாகவும் அழகுற அமைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நீண்ட கோல் ஒன்றைக் கையிற்கொண்டு வட்டத்திலிருந்து வட்டத்திற்குச் சென்றேன். கடைசி வட்டத்திற்கு முந்திய பாதையில் கோலை நிறுத்தி, ‘நாம் இங்கே நிற்கிறோம்’ என்றேன். ஆண்டு எதையும் நான் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டாயிரம் பிறக்கச் சில மாதங்களே இருந்தன.

அக்கூட்டத்தில் இருந்த இளைஞன் ஒருவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருந்தான். ஒரு மாதம் கழித்துப் படிப்பை நிறுத்திவிட்டதாக அவன் தாயார் வந்து கூறினார். இனிப் படித்து என்ன பயன் என்று கேட்டானாம். நான் சென்று பேசினேன். அப்பொழுதும் என் படம் தவறு என்று கூறவில்லை, ‘நாளும் நாழிகையும் ஒருவரும் அறியார்’ என்ற கருத்தை மட்டும் சொல்லி வந்தேன். அவன் திரும்பக் கல்லூரிக்குப் போகவில்லை. இன்று விசைத்தறிக் கூடத்தில் மேலாளாக நன்றாகவே இருக்கிறான். என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் அமர்கிறான். துணிப்படம் இன்னும் என் பெட்டியில் மடித்திருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கத்தை நான் அந்நாளில் அறியாதவன் அல்லன். இறையியற் பட்டத்திற்கு அதையே விருப்பப் பாடமாகப் படித்திருந்தேன். எழுதப்பட்டதை வாசிக்கக் கூடியவனாயிருந்தும் படத்தையே வாசித்தேன். வொய்னிச் ஏட்டின் வியாக்கியானக்காரருக்கு எழுத்து தெரியாது என்ற சாக்காவது உண்டு.

ஏசாயா தீர்க்கர் நூலின் 29ஆம் அதிகாரத்தில் முத்திரையிட்ட புத்தகம் ஒன்று இருவரிடம் கொடுக்கப்படுகிறது. கற்றவன் அது முத்திரையிடப்பட்டிருக்கிறது என்கிறான். கல்லாதவன் தனக்கு வாசிக்கத் தெரியாது என்கிறான். தீர்க்கர் அவ்விடத்தில் மக்களின் உணர்வின்மையைக் கடிந்துகொள்கிறார் என்பதே பொதுவான வியாக்கியானம். அது சரியானதும் ஆகும். எனினும் அவ்விருவரும் பொய் சொல்லவில்லை என்பதை இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவருக்குச் சுட்டிக்காட்டுகிறேன். புத்தகத்தைத் திறவாமலே உள்ளடக்கத்தைச் சொன்ன மூன்றாமவன் ஒருவன் அங்கு இல்லை.

திருச்சுழிப் பெரியவர் இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். ஒட்டிய தாள்கள் இன்னமும் மேசைமேல் கிடந்தன. இம்முறை கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். தாளை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மேல்கம்மா எதுங்கய்யா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படத்தின் மேற்பக்கம் எதுவென்பதே எனக்குத் திட்டமாகத் தெரியாது. எழுத்துகள் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. அவர் ஒவ்வோர் இணைப்பாக விரலை ஓட்டினார். பின்பு நிமிர்ந்து, “கம்மா முழுவட்டமா இருக்காது. கரை ஒரு பக்கந்தான், பெறை மாதிரி. மறுபக்கம் தண்ணி வரத் தெறந்து கெடக்கணும். இதுல கலிங்கும் இல்ல, மடையும் இல்ல. நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்கய்யா, இது கம்மா இல்ல” என்றார். வேறென்னவாக இருக்கும் என்று கேட்டேன். தெரியவில்லை என்று கூறி, கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்.